கான்டினென்டல் ஜிடி: 1952 முதல் இன்றுவரை

பென்ட்லியின் சொகுசு கார் கான்டினென்டல் ஜிடி என்றாலே எல்லோரும் 2003-இல் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் அதன் வேர் 1952-இல் வந்த ஆர்-டைப் கான்டினென்டலில் இருக்கிறது. பின்சக்கரத்துக்கு மேலே புடைத்து எழும் அந்தக் கோடும், பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரையும் அதிலிருந்து வந்தவைதான். பென்ட்லி நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போன பிறகு இங்கிலாந்தின் க்ரூ தொழிற்சாலையில் இருந்து வந்த முதல் ஜிடியில் 6 லிட்டர் டபிள்யூ12, அதாவது 12 சிலிண்டர் எஞ்சின். அப்புறம் 8 சிலிண்டர் வி8-உம் சேர்ந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாம் தலைமுறை. கூடுதல் காசு கொடுத்து வாங்கினால், பட்டனை அழுத்தியதும் டாஷ்போர்டில் இருக்கும் திரை அப்படியே சுழன்று மூன்று முள் மீட்டர்களாக மாறும், இன்னொரு பக்கம் திரும்பினால் வெறும் மரப்பலகை மட்டும்தான், என்ன ஒரு வேலைப்பாடு!

2024-இல் டபிள்யூ12-ஐ நிறுத்திவிட்டு வி8 ஹைபிரிட்டுக்குப் போய்விட்டார்கள். பவர் கூடியிருக்கிறது, சரி, ஆனாலும் அந்த 12 சிலிண்டரின் அலட்டாத இழுவைக்கு ஈடு கிடையாது.