சாட்சி சொல்லணுமாம்

நவம்பர் 18, செவ்வாய்

அம்மைக்க கழுத்துக் கட்டியில ஊசி குத்தி எடுத்தாச்சு. ரிப்போர்ட் வர பத்து நாளாகுமாம். அம்மை வீட்டுக்கு வந்த உடனே மீன் கழுவ உக்காந்துட்டா.

நவம்பர் 19, புதன்

கிளாஸ்ல மூணு பயலுவ மாலை போட்டிருக்கானுவ. போன வாரம் வரைக்கும் லே லேன்னு கூப்பிட்டவன இனி சாமின்னு கூப்பிடணும். "சாமி, கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் தா." டீச்சரே, "சாமி ஹோம்வொர்க் எழுதலயா"ன்னு கேட்டதுக்கு கிளாஸே சிரிச்சு உருண்டுச்சு. மழையில செருப்பில்லாம வாரானுவ, பாவமாத்தான் இருக்கு.

நவம்பர் 20, வியாழன்

நாலாவது பீரியட் ஆர்.சி. (கத்தோலிக்க) பிள்ளைங்க எல்லாம் மறைக்கல்விக்கு போயிட்டாவ, மிச்சம் உள்ளவங்களுக்கு நன்னெறி. டீச்சர் வரல. எனக்க பெஞ்ச் மார்த்தாண்டத்துக்காரிதான் ஆரம்பிச்சா, "நீங்க இந்துதானே, பொறவு ஏன் உங்க கோயில்ல சாமி சிலை இல்ல?" எத்தன தடவ சொல்லியாச்சு இத. சர்டிபிகேட்ல இந்துன்னுதான் இருக்கு, நாங்க அய்யாவழி, தாங்கல்ல சிலை கிடையாது, விளக்கு இருக்கும், கண்ணாடி இருக்கும், ஆம்பிளைங்க தலைப்பாகை கட்டித்தான் உள்ள போணும்னு சொன்னேன். ஒரு சாமி திரும்பி, "பத்தாங்கிளாஸ் சோசியல் புக்குல சமூக சீர்திருத்தவாதின்னு வந்தாரே வைகுண்டர், அவரா?"ன்னு கேட்டான். ஆமா அவருதான். எனக்க பாட்டி காலையில எழும்பின உடனே கூப்பிடுற அய்யா அவனுக்கு ரெண்டு மார்க் கேள்வி. கோவம் வரல, ஒரு மாதிரி இருந்துச்சு.

கண்ணாடி எதுக்குன்னு மார்த்தாண்டத்துக்காரி விடல. உன்னையே பாத்துக்கோ, உனக்குள்ளதான் இருக்குன்னு பாட்டி சொல்லுவான்னு சொன்னேன். சொல்லும்போதே அழுக வந்துட்டு, ஏன்னு தெரியல, கழுத்து விஷயத்த அவகிட்ட சொல்லிட்டேன். அவ என்னைய வராண்டாவுக்கு இழுத்துட்டு போய், கையப் பிடிச்சு, கண்ண மூடி, அம்மைக்க பேரு கேட்டு, சத்தமா ஜெபிக்கத் தொடங்கிட்டா. பக்கத்து கிளாஸ் பயலுவ எட்டி எட்டிப் பாத்தானுவ. முடிச்சுட்டு சொல்லுகா, "சரியானா எங்க சபையில வந்து சாட்சி சொல்லணும் கேட்டியா."

ம்னு சொன்னேன்.

நவம்பர் 21, வெள்ளி

ம்னு ஏன் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

தாங்கலுக்கு போனோம். அம்மை கண்ணாடிக்கு முன்னால நிக்கும்போது சேலைத் தலைப்ப இழுத்து கழுத்த மூடினா. நெத்தியில நாமம் வைக்க குனியும்போது அது நழுவுச்சு, திரும்பவும் மூடினா. நான் பாக்கலங்கிற மாதிரி நின்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சாப்பாட்டு நேரம் இதே பேச்சு. அம்மைக்கு சரியாச்சுன்னா அது யாருக்க கணக்குல போகும்? தான் ஜெபிச்சதாலன்னு மார்த்தாண்டத்துக்காரி சொல்லுவா. குளச்சல்காரி என்னட்ட கேக்காமலே கோட்டாறு சவேரியாருக்கு நேர்ச்சை நேந்தாச்சாம், உப்பும் மிளகும். தக்கலைக்காரி மட்டும், "துஆ செய்யுதேன்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டா. அவ வீட்டுலயே பீரப்பா தர்காவுக்கு உம்மா போவாவ, வாப்பா அது கூடாதும்பாவ, அந்த சண்டையே தீரலன்னு சொல்லி சிரிச்சா.

அய்யா காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம்னு சொன்னவரு. பாட்டி இத ஆயிரம் தடவ சொல்லியிருப்பா. நான் என்ன செஞ்சேன், இது தந்தா அது தாரேன்னு வராண்டாவுல நின்னு ம் போட்டு வந்திருக்கேன். அதும் வேற சாமிகிட்ட. போய் சாட்சி சொன்னா பாட்டி மூஞ்சிய எப்படி பாக்க? சொல்லாம இருந்துட்டா திரும்ப கட்டி வந்திருமோ? பிசிக்ஸ் படிக்க உக்காந்தா இதுதான் ஓடுது. லூசுத்தனம்னு தெரியுது, ஆனா வெப்ராளம் போகல.

நவம்பர் 28, வெள்ளி

ரிப்போர்ட் வரல. திங்களாம். பத்து நாளுன்னா பத்து நாளுதானே.

நவம்பர் 30, ஞாயிறு

அப்பா போன்ல யார்ட்டயோ மெல்ல, "ஆர்.சி.சி.க்கு எழுதித் தருவாவளோ"ன்னு கேட்டாவ. பஸ்ல, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் "ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா"ன்னு எந்த சபைன்னு கேக்குற ஊரு, ஒரு எழுத்து கூடினா திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரி.

டிசம்பர் 1, திங்கள்

தெளிவா இல்லயாம். திரும்ப குத்தணும்.

மார்த்தாண்டத்துக்காரிகிட்ட சொன்னேன். "நீ விசுவாசத்தோட கேட்டியா, சந்தேகம் இருந்தா கேட்டது கிடைக்காது"ன்னா. அப்போ கட்டி எனக்க தப்பா? எனக்க அம்மை கழுத்து என்ன உங்க சபைக்க மைக்கான்னு கத்திட்டேன். கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. அவ அழுதா. நானும். சாமிமாரு மூணு பேரும் என்ன செய்யன்னு தெரியாம ஜன்னல் பக்கம் திரும்பிட்டானுவ.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில குத்தியாச்சு. வெள்ளிக்கிழமை சொல்லுவாவளாம். ஸ்கூலுக்கு போகல.

டிசம்பர் 3, புதன்

சவேரியார் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு. நான் பத்தாந்தேதி தொடங்குற அரைப்பரிட்சைக்கு படிக்கேன்னு இருந்தா, அம்மை, "எட்டி, வா கோட்டாறு போவோம்"ங்கா. கழுத்துல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. சொன்னா கேக்க மாட்டா.

என்ன கூட்டம்! தேருக்கு பின்னால ஈரத்தரையில உருண்டு வாரவங்க, கும்பிட்டு விழுந்து எழும்பி வாரவங்க, பாதிப்பேரு நெத்தியில குங்குமம் இருக்கு. அம்மை ஒரு பொட்டலம் உப்பும் மிளகும் வாங்கினா. நேர்ச்சையான்னு கேட்டேன். அவளுக்கு குளச்சல்காரி நேந்தது தெரியாது, நான் சொல்லல. "ஒண்ணும் கேக்கல பிள்ளே, வெறுதே போட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. பொறவு கடைகள்ல ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அரை மணி நேரம் பேரம் பேசி இருபது ரூவா குறைச்சுட்டு, வழி நெடுக அத தூக்கிட்டு சிரிச்சுட்டு வந்தா. எனக்கு ஒரு கோன் ஐஸ்.

வெறுதே போட முடியுமா? எனக்கு முடியாது. நான் கணக்கு பாக்குறவ.

டிசம்பர் 4, வியாழன்

மார்த்தாண்டத்துக்காரி பெஞ்ச் மாறல. லஞ்சுக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கொண்டு வந்திருந்தா, டிபன் மூடியில பாதிய எடுத்து எனக்க பக்கம் தள்ளினா. சாப்பிட்டேன். மிளகாய் ஜாஸ்தி. சாட்சிய பத்தி அவளும் கேக்கல நானும் சொல்லல. ஆனா சாப்பிடுறதுக்கு முன்னால கண்ண மூடினா, வழக்கத்த விட கொஞ்சம் கூடுதல் நேரம். எதுக்குன்னு கேக்கல.

டிசம்பர் 5, வெள்ளி

மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ. அப்பா வேலைக்கு போகல. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, போன் கொண்டு போக விடமாட்டாவ, ஆபீஸ் ரூமுக்கு கூப்பிட்டு சொல்லுதேன்னு அப்பா சொல்லியிருக்காவ. அம்மை புது வாளியில துணி முக்கி வச்சிருக்கா. மழை விடல. பஸ் வந்துட்டு