வாயில என்ன ஊத்தினீங்க?

மாரி மழை இறங்கிவிட்டால் மட்டக்களப்பில் பூனைகளுக்கும் தடிமல் காலம்தான். ஹெர்பீஸ், கலிசி வைரஸ்கள் மூக்கில் தொடங்கும். மூக்கோடு நின்றால் பயமில்லை. பின்னாலேயே போர்டெட்டெல்லா, பாஸ்டரெல்லா மாதிரியான பக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியா ஆனால்தான் கதை மாறும்.

நாய்க்கு நியூமோனியா வந்தால் பெரும்பாலும் இருமலே காட்டிக் கொடுத்துவிடும். பூனையோ பல நேரம் இருமாது. சிலதுக்குக் காய்ச்சலும் இராது. "சாப்பிடுதில்ல டொக்டர், கட்டிலுக்குக் கீழயே கிடக்கு" என்பதோடு வீட்டாரின் முறைப்பாடு முடிந்துவிடும். அதனால் கூடைக்குள் இருக்கும்போதே விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுவேன். அமைதியாகக் கிடக்கும் பூனை நிமிடத்துக்கு 30 தடவைக்குள்தான் மூச்சு விடும். பயத்திலும் கூடும் என்பதால், தூங்கும்போது எடுத்த வீடியோ இருந்தால் நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்க மாட்டேன், ஒட்சிசன்தான் முதலில். திணறும் பூனையை எக்ஸ்ரேக்காக அமுக்கிப் பிடித்தால் அந்தப் பிடியிலேயே உயிர் போய்விடவும் கூடும்.

அடுத்துக் கேட்பது, "வாயில என்ன ஊத்தினீங்க?"

காத்தான்குடியிலிருந்து ஒரு உம்மா, குட்டியைச் சாரன் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தா. மீன் அவித்த தண்ணியைச் சிரிஞ்சால் கொடுத்தாவாம். எப்படி என்று கேட்டதும் செய்தே காட்டினா: தலையை மேலே நிமிர்த்தி, சிரிஞ்சை நேராகத் தொண்டைக்கு. குட்டியின் மூக்கோரத்து ஈரத்தில் இன்னும் மீன் வாசம். எக்ஸ்ரேயில் நெஞ்சின் முன்பக்கம், கீழ்ப்பாதி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மூச்சுக்குழாய்க்குள் போன தண்ணி தேங்குகிற இடம். பட்டினி கிடக்கிற சீவனைப் பார்த்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்? கன்னப் பக்கமாக, துளித்துளியாக, விழுங்க விட்டுக் கொடுக்கச் சொன்னேன். மூச்சு வாங்கினால் அதுவும் வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது பனடோல் (பரசிட்டமோல்) கரைத்துக் கொடுப்பவர்களோடுதான். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. இரத்தம் ஒட்சிசனைக் காவ மாட்டாமல் பல் முரசு மண்ணிறமாகும். மூச்சு வாங்குவதைப் பார்த்து நியூமோனியா என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

குட்டி தேறியது. "திங்கிறான், மருந்த நிப்பாட்டலாமா?" என்று உம்மா போன் எடுத்தா. மறுபடி எக்ஸ்ரே பார்க்கும்வரை வேண்டாம் என்றேன். குளிசைக்குப் பிறகு கொஞ்சம் தண்ணியும் கொடுக்கச் சொன்னேன். அந்த டொக்சிசைக்கிளின் குளிசை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும்.

"அப்ப தண்ணி ஊத்தலாமா, ஊத்தக் கூடாதா? ஒண்டச் சொல்லுங்க டொக்டர்!"

நியாயமான கேள்விதான். நாளைக்குக் குட்டியோடு வாங்க, செய்து காட்டுறன் என்றேன்.