ஒரு டாலர் தீர்ப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டென்யூர் எனப்படும் நிரந்தரப் பணிப் பாதுகாப்பு, உண்மையைத் துணிந்து உரைத்த அறிஞர்களைக் காக்கப் பிறந்தது என்று சொல்வது வழக்கம். வரலாறு அவ்வளவு அழகானதல்ல. 1900இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ், ஆசியர்களின் குடியேற்றத்தை எதிர்த்து இனவெறி தொனிக்கப் பேசினார். அவருடைய அரசியல் பேச்சுகளால் ஏற்கெனவே சினந்திருந்த, பல்கலைக்கழகத்தின் புரவலர் ஜேன் ஸ்டான்ஃபோர்டின் வற்புறுத்தலால் அவர் பதவி விலக நேர்ந்தது. அதைக் கண்டித்து வேலையை உதறியவர்களுள் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய்தான், 1915இல் மெய்யியலாளர் ஜான் டூயியுடன் சேர்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். ராஸின் பேச்சு எனக்கு அருவருப்பையே தருகிறது; ஆனாலும் புரவலரின் கோபம் ஒருவரின் பணியைப் பறிக்கக் கூடாது என்போரின் பக்கமே நிற்கிறேன்.

தகுந்த காரணமும் விசாரணையும் இன்றி நிரந்தரப் பேராசிரியரை நீக்கலாகாது என்பது அந்தச் சங்கம் பங்கேற்று வெளியிட்ட 1940ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கையின் சாரம். சிக்கல் அந்தத் 'தகுந்த காரணம்' எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வார்டு சர்ச்சில், செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுள் ஒரு பகுதியினரை நாஜி அதிகாரி ஐக்மனோடு ஒப்பிட்டு எழுதியிருந்தது 2005இல் பெரும் புயலைக் கிளப்பியது. அந்தக் கட்டுரை பேச்சுரிமைக்கு உட்பட்டதே என்று ஒப்புக்கொண்ட நிர்வாகம், அதே மூச்சில் அவருடைய பழைய ஆய்வுகளைத் துருவ ஆரம்பித்தது. கருத்துத் திருட்டும் திரிபும் இருந்ததாக விசாரணைக் குழு கண்டறிய, 2007இல் அவர் நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். கட்டுரைக்காகவே நீக்கினார்கள் என்று 2009இல் முடிவுசெய்த நீதிமன்ற நடுவர் குழு அவருக்கு வழங்கிய இழப்பீடு ஒரே ஒரு டாலர். நீதிபதி அதையும் ரத்துசெய்தார், 2012இல் மாநில உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது.

அந்தக் குற்றச்சாட்டுகளை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால், கட்டுரை கண்ணில் பட்டிராவிட்டால் அந்த அடிக்குறிப்புகளை யார் புரட்டியிருப்பார்கள்? கூச்சலுக்கு நடுவே தொடங்கும் ஆய்வு விசாரணையை, கூச்சலுக்கு அஞ்சும் நிர்வாகமே நடத்தக் கூடாது என்பது என் கருத்து. ஒப்பந்த ஆசிரியரென்றால் நிர்வாகத்துக்கு இந்தச் சிரமங்கூட இல்லை. அடுத்த பருவத்துக்குப் பணி ஆணை வராது, பெரும்பாலும் காரணமும் சொல்லப்படாது.