விலாங்குக்கு இறங்கவும் வழி வேண்டும்

பெங்களூர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் விலாங்கு வாங்கப் போனால் முதலில் முதுகைத் தடவிப் பாருங்கள். தனித்தனியாக முள் குத்தினால் அது ஆரல். மேல்தாடை நீண்டு பல் துருத்தினால் கடல் விலாங்கு. ஆற்று விலாங்குக்குக் கீழ்த்தாடைதான் சற்று முன்னே நிற்கும். முதுகுத் துடுப்பு வாலைச் சுற்றி வயிற்றுப் பக்கத் துடுப்போடு ஒன்றாகிவிடும்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பார்கள். அதன் வாழ்க்கையும் தலைகீழ்தான். உள்ளம் மீன் (ஹில்சா) முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும். விலாங்கு முட்டையிடக் கடலுக்கு இறங்கும். வாழ்நாளில் ஒரே முறை, அதோடு செத்துவிடும். ஆகவே காவிரியில் பிடிபடும் விலாங்கு எவ்வளவு பெரியதானாலும், இன்னும் ஒரு முட்டைகூட இடாதது. நாம் மறக்கவே கூடாதது இது.

இறங்கும் காலம் வந்ததும் இரை எடுப்பதை நிறுத்திவிடும். குடல் சுருங்கும், கண் பெரிதாகும், வயிறு வெள்ளி நிறமாகும். புதுவெள்ளம் கலங்கி வரும் நிலவில்லாத இரவுதான் அதற்குத் தோது. ஆற்றின் போக்கில் போகும்போது எதிரே மின்நிலையம் இருந்தால் நீரோட்டம் டர்பைனுக்குள் இழுத்துவிடும். குட்டையான மீன் தப்பித்துவிடும் இடத்தில் ஒரு மீட்டர் நீள உடம்பு தகடுகளில் அடிபட்டு முதுகெலும்பு முறியும். டர்பைனுக்கு முன்னே வைக்கும் கம்பித் தடுப்பின் இடைவெளி 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நுழைந்துவிடும். இடைவெளி சரியாக இருந்தும் ஓட்டம் வேகமாக இருந்தால் கம்பியிலேயே நசுங்கும். டர்பைனைச் சுற்றிப் போக மாற்றுவழி வைத்தால் ஆற்றின் அடிமட்டத்தில் வைக்க வேண்டும், விலாங்கு பெரும்பாலும் அடியை ஒட்டியே போகிறது. அந்தச் சில இரவுகளில் டர்பைனை நிறுத்துவது அதைவிட நல்லது.

கடலிலிருந்து ஏறி வரும் குஞ்சுக்கும் தடைதான். விரல் நீளக் குஞ்சு ஈரப்பாறையில் ஒட்டி ஏறிவிடும். 1934-இல் எழுந்த மேட்டூர் அணையின் காய்ந்த சுவரில் முடியாது. சாய்வான பலகையில் தூரிகை நார் பதித்து, மெல்லிய நீர்க்கசிவு விட்டாலே அதற்கு ஏணி. ஐரோப்பாவில் கரைக்கு வரும் குஞ்சுகள் 1980-க்குப் பின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயின. அதனால்தான் 2007-இல், மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடல் சேர்ந்திருக்கும் விலாங்குகளின் எடையில் 40 சதவீதமாவது சேர வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

பெங்களூரின் பங்கும் இதில் உண்டு. நமக்குக் குடிநீர் தொரேகாடனஹள்ளி நீரேற்று நிலையம் வழியாகக் காவிரியிலிருந்து வருகிறது. நம் சாக்கடையில் ஒரு பகுதி விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகச் சங்கமத்தில் அதே காவிரிக்குப் போகிறது. அதில் வரும், கொழுப்பில் கரையும் நஞ்சு விலாங்கின் கொழுப்பில் தங்கும். இரை எடுக்காமல் கடலைக் கடக்க அதற்கு இருப்பதும் அந்தக் கொழுப்பு மட்டுமே.