ஞானஸ்நானச் சண்டையும் ஆயுத பூஜைப் பொரியும்

போன வருஷம் எங்கள் சேகரத்தில், அதாவது எங்கள் ஐயர் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், பாதி நேரம் ஞானஸ்நானத்திலேயே போயிற்று. என் கொழுந்தனார் மகன் எங்கள் சர்ச்சில்தான் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றான். வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிற திடப்படுத்தலும் அங்கேதான். சண்டே ஸ்கூலில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல், பவானிப் பக்கம் போய்க் காவிரியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். (உள்ளூரில் ஆறு இருக்கும்போது காவிரி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் திருப்பூர் நொய்யலைப் பார்த்த எந்தப் பாஸ்டரும் அதில் ஆளை இறக்க மாட்டார்.)

செய்தி கசிந்த அன்று ராத்திரியே சேகரத்து வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொண்டது. ஒருவர் முழுக்குக்கு ஆதாரமாக, வேதத்தில் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரில் இறங்கியதைப் போட்டார். இன்னொருவர், வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற லீதியாளையும் பிலிப்பி சிறைச்சாலைக்காரனையும் போட்டு, "வீட்டார் என்றால் கைக்குழந்தை இல்லாமலா?" என்று கேட்டார். இதில் எனக்குச் சிரிப்பு வந்தது ஒரு இடத்தில்தான். எபேசியர் நான்காம் அதிகாரத்தில் வருகிற "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்ற வசனத்தை இரண்டு கட்சியும் போட்டார்கள். இவர்களுக்கு அந்த 'ஒரே' என்பது குழந்தையில் எடுத்தது. அவர்களுக்கு விசுவாசித்த பிறகு எடுத்தது. பொழுது விடிவதற்குள் வசனம் தீர்ந்து, ஆளைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது.

சேகரக் கமிட்டியில் சிலர், அவன் இனிமேல் சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கக் கூடாது, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கும் வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வயசில் சின்னவர். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இந்த உபதேசக் கவலை உங்களுக்குத் தேர்தலுக்கு முன்னாடியே இருந்ததுங்களா, தேர்தலுக்கு அப்புறம் வந்ததுங்களா?"

சேகரக் கமிட்டித் தேர்தல் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பையனுடைய அப்பா, அதாவது என் கொழுந்தனார், அந்தத் தேர்தலில் நின்று ஜெயித்திருந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் எதிர் அணி. முழுக்கு எடுத்தது வேறு யாராவது வீட்டுப் பையனாக இருந்திருந்தால் கடிதமே வந்திருக்காது. அதுவும் ஊகம் இல்லை. எங்கள் சேகரத்தில் இதற்கு முன்பு முழுக்கு எடுத்தவர்கள் இருக்கிறார்கள், பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

உபதேசத்தின் பேரில் வருகிற சண்டைகளில் நிறைய, உபதேசத்தைப் பற்றியதே அல்ல. தேர்தல், கல்லறைத் தோட்டத்து இடம், இன்ன வீட்டுக்காரர்தான் பாடம் வாசிக்க வேண்டும் என்கிற கௌரவம், வெளியே சொல்லக் கூசுகிற சாதி, எங்கள் ஊரில் கூடுதலாக 'தெக்கத்தி ஆட்கள் வந்து சர்ச்சைப் பிடித்துக்கொண்டார்கள்' என்கிற புகைச்சல். இது ஒவ்வொன்றும் வேதப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வரும். அதனால் வசனத்தைத் திறப்பதற்கு முன்னால் ஐயர் கேட்ட மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். அதற்கு நேர்மையாகப் பதில் வந்தால் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். எங்களுக்கும் கலைந்தது. அடுத்த கூட்டத்துக்குக் கையெழுத்துக்காரர்களில் சிலர் வரவே இல்லை.

மீதி இருந்தது நிஜமான வித்தியாசம். அது வீட்டுக்குள் இருந்தது.

என் மாமியார்தான் பேரனைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். ஐயர் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னபோது, மற்றவர்கள் கிரேக்கம் எபிரெயம் என்று ஆரம்பிப்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அப்போ நாங்க அன்னைக்கு ஆண்டவர் முன்னாடி நின்னு சொன்னதெல்லாம் பொய்யா கண்ணு?"

"பொய்யின்னு நான் சொல்லலீங்க அப்பத்தா. நீங்க சொன்னது உங்க விசுவாசம். என் விசுவாசத்தை நானே ஒரு தடவை சொல்லணும்னு எனக்குப் பட்டுது."

"அதுக்குத்தானே திடப்படுத்தல் வெச்சிருக்குது?"

பையன் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப எனக்கு ஒண்ணும் புரியலீங்க அப்பத்தா. எல்லாரும் போனாங்கன்னு போனேன்" என்றான். குரூப்பில் ஓடிய அத்தனை வசனங்களிலும் இல்லாத இரண்டு விஷயம் இந்தச் சின்னப் பேச்சில் வந்துவிட்டது. பெற்றவர்களும் வளர்த்தவர்களும் கொடுத்த வாக்குக்கு மரியாதை உண்டா என்பது ஒன்று. திடப்படுத்தல் வகுப்பை நாம் எந்த லட்சணத்தில் நடத்துகிறோம் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிக் கமிட்டியில் ஒருவருக்கும் பேச விருப்பமில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

எங்கள் சி.எஸ்.ஐ. சபையில், அதாவது தென்னிந்தியத் திருச்சபையில், ஞானஸ்நானம் ஒரு தடவைதான், திரும்பக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஐயரும் அதைப் பூசி மெழுகாமல் சொன்னார். "நீங்க செஞ்சதை நான் சரின்னு சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா அதுக்காக உங்களை மேஜையை விட்டு எழுப்பவும் மாட்டேன்." இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியும் என்பதே எங்கள் ஆட்கள் பலருக்குப் புதுசாக இருந்தது.

புதுசாக இருந்திருக்கக் கூடாது. எங்கள் சபை உண்டானதே அப்படித்தான். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், லண்டன் மிஷன் என்று தனித்தனி வழியில் இருந்தவர்கள் 1919-ல் தரங்கம்பாடியில் பேச ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றானார்கள். நடுவில் 28 வருஷம். பேராயர் (பிஷப்) வேண்டும் என்பவர்களும், பேராயர் என்ற சொல்லே ஆகாது என்பவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சலிக்காமல் வாதாடினார்கள். கடைசியில் கண்டுபிடித்த வழி இது: இனிமேல் குருப்பட்டம் பேராயர் கையால் நடக்கும், ஆனால் ஏற்கெனவே வேறு முறையில் பட்டம் பெற்ற ஊழியர்களுக்கு மறுபடி பட்டம் கொடுக்கப்படாது, 30 வருஷம் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கூடவே ஒரு வாக்குறுதியும் எழுதினார்கள். பழக்கமில்லாத ஆராதனை முறையையோ, மனசாட்சி ஒப்பாத ஊழியத்தையோ எந்தச் சபை மீதும் திணிக்கக் கூடாது என்று. எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஆந்திராவில் நந்தியால் பகுதியில் இருந்த ஆங்கிலிக்கன் சபைகள் அப்போது சேராமல் வெளியே நின்றன.

கொங்கு நாட்டில் இந்தக் கலவை இன்னும் அடர்த்தி. கோயமுத்தூருக்கு 1830-ல் வந்தது லண்டன் மிஷன். ஈரோட்டுப் பிரப் சர்ச்சும் அந்த வழிதான். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மெத்தடிஸ்ட். மேலே ஊட்டியில் ஆங்கிலிக்கன். நான் கரூர்ப் பக்கத்து மெத்தடிஸ்ட் வீட்டுப் பெண். எங்கள் வீட்டுக்காரர் குடும்பம் ஈரோட்டுப் பக்கத்து லண்டன் மிஷன். அவருடைய அப்பாரு, அதாவது என் மாமியாருக்கு மாமனார், கடைசி வரைக்கும் திருவிருந்துக்கு முழங்கால் போடவே இல்லையாம். அவர்கள் பழைய வழக்கத்தில் மூப்பர்கள் அப்பத்தையும் திராட்சரசத்தையும் பெஞ்சுக்கே கொண்டு வருவார்கள். ஆல்டர் முன்னால் போய் மண்டியிடுவதை அவர் ரோமாபுரிப் பழக்கம், அதாவது கத்தோலிக்கர் பழக்கம் என்பாராம். ஒவ்வொரு முறையும் ஐயர் இறங்கி வந்து அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் கொடுத்துவிட்டுப் போவார். சபையில் யாரும் முணுமுணுத்ததாக மாமியாருக்கு ஞாபகமில்லை.

"உங்க மாமனார் முழங்கால் போடாததை மட்டும் பொறுத்துக்கிட்டீங்களே அத்தை?" என்று நான் கேட்டேன். "அவரு பெரியவரு" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஞானஸ்நான விஷயத்துக்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. தென்னிந்திய இணைப்பில், விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கிற பாப்டிஸ்ட்கள் இல்லை, அதனால் 1947-ல் இந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை. வட இந்தியத் திருச்சபை 1970-ல் நாக்பூரில் உருவானபோது பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளும் உள்ளே வந்தார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பிற்பாடு திடப்படுத்துகிறவர்களும், குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை மட்டும் செய்து வளர்ந்தபின் ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களும் ஒரே சபையில் இருக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஏற்கெனவே பெற்றவருக்குத் திரும்பக் கொடுப்பதுதான் அவர்களையும் நெருக்கிய முள். ஆக, நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில் பெரிய வேதபண்டிதர்களும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சிலர் வந்து, "உபதேசம் என்னங்க உபதேசம், அன்புதான் முக்கியம்" என்பார்கள். எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. சண்டை போடுகிறவனாவது அந்தக் காரியம் முக்கியம் என்று நம்புகிறான். பவுல், பேதுருவை அந்தியோகியாவில் எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே எதிர்த்தார். யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து ஆள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார் என்பதற்காக. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது சுவிசேஷத்தையே தொடுகிற விஷயம், அதில் பவுல் விட்டுக்கொடுக்கவில்லை. தனித் தம்ளர் பார்த்த நம் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதே பவுல், எந்த நாளை விசேஷமாக எண்ணுவது என்கிற கேள்வி ரோமாபுரியில் வந்தபோது, "அவனவன் தன் தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று விட்டுவிட்டார். எதில் நிற்பது, எதில் விடுவது என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறது அவருக்கு. அந்தப் பிரிக்கிற வேலைதான் கஷ்டம், அதைத் தவிர்க்கத்தான் ஒரு பக்கம் கத்துகிறோம், இன்னொரு பக்கம் அன்பு என்கிறோம்.

எங்களுக்கு வருஷா வருஷம் இந்தப் பயிற்சி ஆயுத பூஜையில் கிடைத்துவிடுகிறது. நாங்கள் பவர்டேபிள் வைத்திருக்கிறோம். எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கட்டிங் துணி வரும், தைத்துக் கொடுப்போம். தைக்கிறவர்களில் ஒருவர் இருவர் தவிர எல்லோரும் இந்துக்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாளே ஓவர்லாக், பேட்லாக் என்று எல்லாத் தையல் மிஷினிலும் பஞ்சுத் தூசியை ஊதித் துடைத்துவிடுவார்கள். மறுநாள் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம், வாசலில் பூசணிக்காய், பொரி கடலை. அது அவர்களுடைய பண்டிகை, நாங்கள் தடுப்பதில்லை. செலவுக்குப் பணமும் கொடுக்கிறோம். (கொடுக்கலாமா என்பது தனி வாதம். அதையும் எங்கள் வீட்டில் பேசியிருக்கிறோம்.)

சாமி கும்பிட்டு முடித்ததும் செக்கிங் பார்க்கிற அக்கா ஒரு கவரில் பொரி, அவல், சுண்டல், வாழைப்பழம் போட்டுக்கொண்டு வந்து, "சாமிக்குப் படைச்சதுங்க, எடுத்துக்குங்க" என்று கையில் கொடுப்பார். கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தை அப்படியே நடித்துக் காட்டுவது போல இருக்கும். கடையில் விற்கிறதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், அவனுக்காகச் சாப்பிடாதே என்கிறார். அந்த அக்கா சொல்லியே கொடுக்கிறார்!

எங்கள் வீட்டுக்காரர் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அதே நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறதே என்பார். நான் இரண்டு கையாலும் வாங்கி, தையல்காரர்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். சாப்பிட எனக்கு மனசு வராது, மறுக்கவும் வராது. கொழுந்தனார் மகன் அன்றைக்குப் போனஸ் கவர் கொடுக்க உதவிக்கு வருவான். பொரி வருகிற நேரத்துக்கு டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவான். அந்த அக்காவுக்கு முன்னால் ஒரு பிரசங்கமும் வைத்ததில்லை. மூன்று பேரும் வீட்டுக்கு வந்து இதைப் பற்றி வாதம் பண்ணுவோம். சாப்பிட்டவரைப் பார்த்து அவன் முகம் சுளிப்பதில்லை, சாப்பிடாதவனை எங்கள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வதில்லை. ரோமர் பதினான்காம் அதிகாரம் கேட்பது இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஏற்றுமதிக்கு லோடு போக வேண்டிய ஞாயிற்றுக்கிழமை மிஷினை ஓட்டலாமா என்பதில் எங்களால் இப்படி நடந்துகொள்ள முடிவதில்லை. அதில் பணம் இருக்கிறது.

சண்டே ஸ்கூல் விஷயம் இப்படி முடிந்தது. பையன் பாடம் எடுக்கலாம். ஞானஸ்நானப் பாடம் வருகிற வாரம் சபை என்ன போதிக்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும், பிள்ளைகள், "நீங்க ஏண்ணா முழுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டால் மறைக்காமல் தன் காரணத்தைச் சொல்லலாம், சபை அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்து. திருவிருந்துக்குத் தடை இல்லை. மற்றவர்களைக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலை கூடாது. கொழுந்தனார் தன் மகனோடு திரும்பப் பேசத் தீபாவளி தாண்டிற்று. கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு குடும்பம் வேறு சர்ச்சுக்குப் போய்விட்டது. ஐயர் அவர்கள் வீட்டுக்கு இன்னமும் போய்வருகிறார்.

திடப்படுத்தல் வகுப்பு மட்டும் பழைய மாதிரியேதான் நடக்கிறது. அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க நான் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், முதல் கையெழுத்து என் மாமியாருடையது.

இதற்கிடையில் பையனுக்குக் கல்யாணமாகி, மருமகள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். குழந்தைக்குப் பிரதிஷ்டை மட்டும்தான் என்று அவன் சொல்லிவிட்டான். மாமியார் ஞானத்தாய், ஞானத்தகப்பன் யார் யார் என்று பேர் எழுத ஆரம்பித்துவிட்டார். ஐயர் பையனையும் மருமகளையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறார். மருமகளுடைய கருத்து என்ன என்று முதலில் கேட்கப் போவதாகவும் சொன்னார். அதை இதுவரைக்கும் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.