ஏழாவது டேக்

"அண்ணா, இன்னொரு டேக் எடுப்போமா?"

திருகோணமலை டச்பே கடற்கரையில், தன் சண்டைப் படத்துக்கு என்னைக் கமெரா பிடிக்கக் கூப்பிட்டிருந்த தம்பி கேட்டபோது காலை எட்டரை இருக்கும். ஆறு டேக் முடிந்திருந்தது. "இது போதும் தம்பி, சின்னப் படம்தானே" என்றேன். போதும் என்றது சரியாகவே இருக்கலாம். சின்னப் படம் என்று ஏன் சொன்னேன் என்பதுதான் இரண்டு வருடமாக என்னை அரிக்கிறது.

அவனுடைய உதை எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது தெரிந்தது. அது அவனுடைய பிழை இல்லை. அடிபடுகிறவரின் தோளுக்குப் பின்னால் கமெராவை வைத்தால், கால் முகத்தைக் கடக்கும்போது இடைவெளி மறைந்துவிடும். நான் பக்கவாட்டில் வைத்திருந்தேன், கோணேசர் மலை பின்னால் விழ வேண்டும் என்ற ஆசையில்.

அவனுடைய முழங்கால் வீங்கியிருந்தது. அதைச் சொல்லித்தான் கமெராவை மூடினேன். உண்மையாகவே வீங்கியிருந்தது. பத்து மணிக்கு நிலாவெளியில் எனக்கொரு கல்யாண வீடு இருந்ததும் உண்மை. எது முதலில் மனதுக்கு வந்தது என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

எடிட்டில் மூன்று ஃபிரேமை வெட்டி, கனமான ஓர் அடிச் சத்தத்தை வைத்தேன். இடைவெளி கண்ணில் படவில்லை. பார்த்துவிட்டு அவன் சொன்னது இவ்வளவுதான்: "சத்தம் நல்லா இருக்கு அண்ணா."

ஹாங்காங்கின் பழைய குங்ஃபூ படங்களும் அப்படித்தானே என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். அவற்றில் பெரும்பாலானவை சத்தம் பதியாமல் எடுக்கப்பட்டவை. வசனம், அடி, உதை எல்லாம் பிறகு சேர்த்ததுதான். திரையில் ஓடும்போது வேகமாகத் தெரிவதற்கு நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 22 அல்லது 20 ஃபிரேமில் சுட்டார்கள். காசில்லாதவன் வழி தேடுவதில் என்ன குற்றம்?

ஆனால் அந்த வழியிலும் இரண்டு சாதி இருந்தது. 1980களில் கோட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநர் வேறு யாரோ எடுத்த படங்களுக்குள் நிஞ்சா காட்சிகளைச் செருகிப் புதுப்படமாக்கினார். ரிச்சர்ட் ஹாரிசன் என்ற அமெரிக்க நடிகர் சில படங்களுக்கென்று நடித்துக் கொடுத்த காட்சிகள் கணக்கில்லாத படங்களில் திரும்பத் திரும்ப வந்தன. அதே ஊரில்தான் லாவ் கார்-லியுங் என்ற குங்ஃபூ பட இயக்குநர், பரம்பரையாய் வந்த கலை கெடக்கூடாது என்று ஒவ்வோர் அசைவையும் செதுக்கினார். அவருக்குப் பின்னால் பெரிய ஸ்டூடியோ இருந்தது, அதுவும் சரி. காசு இருந்ததால்தான் அக்கறையா? அப்படியென்றால், சொந்தக் காசில் கமெரா வாடகை கொடுத்து, வீங்கின முழங்காலோடு ஏழாவது டேக் கேட்டவனை எங்கே வைப்பது?

மலிவான சண்டைப் படம் எடுக்கிறவர்களுக்குத் தரத்தில் கவலை இல்லை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அன்றைக்கு அந்தக் கடற்கரையில் கவலைப்படாமல் நின்ற ஒரே ஆள் நான்தான். இல்லை, அதுவும் முழுக்க நியாயமில்லை. இன்னொரு தடவை குதித்து அவனுடைய கால் முறிந்திருந்தால் யார் பதில் சொல்வது?

போன வாரம் அவன் போன் எடுத்தான். புதுப் படமாம், சனிக்கிழமை விடியற்காலை, அதே இடம். வருகிறேன் என்றேன்.

"எத்தனை மணி வரைக்கும் நிப்பீங்க அண்ணா?" என்று கேட்டான்.

சனிக்கிழமை நிலாவெளியில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. அதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.