முன் எண், பின் எண்: கால்நடைச் செவிலியர் மேல்தகுதியை ஆன்லைனில் படிப்பவர்களுக்கு

நான் எழுதிய மேல்தகுதித் தேர்வின் முடிவு வந்துவிட்டது, மனசு லேசாகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மாட்யூல், கேஸ் லாக், கேஸ் ரிப்போர்ட், கடைசியில் எழுத்துத் தேர்வு என்ற அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: நீங்கள் செய்ததாக எழுதும் ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் ஓர் எண், பின்னால் ஓர் எண், இரண்டுக்கும் நேரம். இந்த மூன்றும் இல்லாத கேஸ் எவ்வளவு அபூர்வமான நோயாக இருந்தாலும் மேல்தகுதிக்கு உதவாது.

அடிப்படைப் படிப்பில் செய்யத் தெரியுமா என்று பார்ப்பார்கள். இங்கே என்ன கவனித்தீர்கள், ஏன் அதைச் செய்தீர்கள், பலித்ததா, பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்று கேட்பார்கள். ஆன்லைனில் படிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் யாரும் கிடையாது. திருத்துபவர் கையில் இருப்பது நீங்கள் எழுதிய தாள் மட்டும்தான்.

கேஸ் லாக்கை அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் எழுதிவிடுங்கள். வார இறுதியில் சேர்த்து எழுதினால் முன் எண் நினைவில் இருக்கும், பின் எண் இருக்காது. பின் எண்ணை அப்போது அளந்தே இருக்க மாட்டோம், அதுதான் காரணம். "நாய்க்கு வலி இருந்தது, வலிநிவாரணி கொடுக்கப்பட்டது, பிறகு நன்றாக இருந்தது" என்று ஒரு பதிவு இருக்கிறது என்று வையுங்கள். அதே கேஸ் இப்படியும் இருக்கலாம் (கிளாஸ்கோ என்பது நாயின் வலிக்கு மதிப்பெண் போடும் அளவுகோல், எண் கூடினால் வலி கூடுதல்): "14.10 மணி: கிளாஸ்கோ சுருக்க அளவுகோலில் 8/24. காயத்தைச் சுற்றித் தொட்டதும் திரும்பிப் பார்த்து முனகியது. கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தேன். அவர் எழுதியபடி மெத்தடோன் கிலோவுக்கு 0.2 மி.கி. நரம்பு வழியாக. 14.40 மணி: 4/24. அடுத்த மதிப்பீடு 16.40." இரண்டாவதைப் படிப்பவருக்குக் கேள்வியே எழாது.

அந்த 24-இல் ஒரு பொறி இருக்கிறது. கிளாஸ்கோ சுருக்க அளவுகோலில் தலையிட வேண்டிய, அதாவது வலிநிவாரணி பற்றி யோசிக்க வேண்டிய எல்லை 6/24. முதுகுத்தண்டு அடிபட்டது, கால் முறிந்தது போன்ற கேஸ்களில் நாயை நடக்க வைத்துப் பார்க்க முடியாது. அப்போது நடைப் பகுதியை விட்டுவிட வேண்டும், மொத்தம் 20 ஆகிறது, எல்லையும் 5/20 ஆகிறது. நடைப் பகுதிக்குப் பூஜ்யம் போட்டு 24-க்கே கணக்கிட்டால் 5 வாங்கிய நாய் எல்லைக்குக் கீழே இருப்பது போலத் தெரியும், மருந்து கிடைக்காமல் போகும். இன்னொன்று, மயக்கம் முழுதாகத் தெளியாத நாய்க்கு இந்த மதிப்பெண் போடக் கூடாது. அது அமைதியாகக் கிடப்பது மருந்தின் வேலை.

பூனையின் வலியை அளக்க முகபாவ அளவுகோல் வசதியானது. காதின் நிலை, கண் இடுக்கம், மூஞ்சி இறுக்கம், மீசை, தலையின் நிலை என ஐந்தையும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டு 10-க்குக் கூட்டுவார்கள். 4 வந்தால் வலிநிவாரணி பற்றிப் பேச வேண்டும். தூங்கும்போதும், சாப்பிடும்போதும், உடம்பை நக்கிக்கொண்டிருக்கும்போதும், கத்தும்போதும் மதிப்பெண் போடாதீர்கள். கூண்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரிப்போர்ட்டில் மதிப்பெண் போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நோயைப் பற்றிப் பாடப்புத்தகம் மாதிரி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, செவிலியர் செய்ததை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் கால்நடை மருத்துவரின் வேலை. உங்கள் ரிப்போர்ட் உங்கள் முடிவுகளைப் பற்றியது: எந்த இடைவெளியில் கண்காணிக்கத் தீர்மானித்தீர்கள், ஏன் அந்தக் காலில் ஊசிக்குழாய் போட்டீர்கள், எப்போது மருத்துவரைக் கூப்பிட்டீர்கள். நிகழ்ந்ததை விவரிப்பது மொத்தத்தில் கால் பங்கைத் தாண்ட வேண்டாம். செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவதற்காகக் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் தந்த சுழற்சியைப் பயன்படுத்தச் சொன்னால் விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம் என்று ஆறு படி. பலரும் உணர்வோடு நின்றுவிடுகிறார்கள். பகுப்பாய்வும் செயல்திட்டமும்தான் கனமாக இருக்க வேண்டும். "இனி கவனமாக இருப்பேன்" என்பது செயல்திட்டம் ஆகாது. "மயக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் எழுதும் கட்டத்தைத் தாளில் சேர்ப்பேன்" என்பது செயல்திட்டம்.

ஆதாரம் காட்டும்போது ஆண்டைப் பாருங்கள். நாய், பூனைகளுக்கு இதயம் நின்றால் செய்யும் உயிர்மீட்புக்கு ரெக்கவர் என்ற வழிகாட்டுதல் முதலில் 2012-இல் வந்தது, 2024-இல் திருத்தப்பட்டது. பழைய குறிப்புகளை வைத்துப் படித்தால் அதிக அளவு அட்ரினலின், அதாவது கிலோவுக்கு 0.1 மி.கி., இன்னும் பட்டியலில் இருக்கும். 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள். கிலோவுக்கு 0.01 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான். நெஞ்சழுத்தத்தின்போது மூச்சு முடிவில் கரியமில வாயு 15-க்கு மேல் இருந்தால் போதும் என்றிருந்ததும் 18 மி.மீ. பாதரசமாக உயர்ந்துவிட்டது. மாறாதவையும் உண்டு: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பக்கவாட்டில் படுத்திருந்தால் மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஆழம், 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம், மூச்சுக்குழாயில் குழாய் போட்ட நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 மூச்சு. இதைத் திரையில் பார்த்து மட்டும் படித்தால் கைக்கு வராது. கெட்டியான தலையணையும் நிமிடத்துக்கு 110-இல் வைத்த மெட்ரோனோமும் (தாளம் தட்டும் கருவி) போதும், 2 நிமிடம் முழுதாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பை முழுக்க எழவிட வேண்டும். களைத்த கை அதன் மேலேயே சாய்ந்துவிடும். ஆள் மாற்றத்துக்கு 2 நிமிடம் வைத்திருப்பதன் காரணம் அப்போது புரியும்.

கணக்குக்கு வருகிறேன். கேள்வி இப்படி: 20 கிலோ நாய். லிடோகெய்ன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோகிராம். கையில் இருப்பது 2 சதவீதம். 500 மி.லி. பையில் கலந்து மணிக்கு 40 மி.லி. ஓட்ட வேண்டும். எவ்வளவு மருந்து சேர்ப்பீர்கள்?

20 × 50 = நிமிடத்துக்கு 1000 மைக்ரோகிராம், அதாவது 1 மி.கி.
மணிக்கு 60 மி.கி.
பை ஓடும் நேரம் 500 ÷ 40 = 12.5 மணி.
மொத்த மருந்து 60 × 12.5 = 750 மி.கி.
2 சதவீதம் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. ஆகவே 750 ÷ 20 = 37.5 மி.லி.
பையிலிருந்து 37.5 மி.லி. வெளியே எடுத்துவிட்டுப் பிறகு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

கடைசி வரியை விடுபவர்கள் நிறைய. எடுக்காமல் சேர்த்தால் பையில் 537.5 மி.லி. ஆகிறது, செறிவு சுமார் 7 சதவீதம் குறைகிறது. 2 சதவீதத்தை 2 மி.கி. என்று எடுத்துக்கொண்டால் 375 மி.லி. என்று விடை வரும். 500 மி.லி. பையில் முக்கால் பங்கு மருந்தா என்று அந்த இடத்திலேயே பேனா நிற்க வேண்டும். தலைகீழாகச் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை: 750 ÷ 500 = 1.5 மி.கி./மி.லி. அதை 40-ஆல் பெருக்கினால் மணிக்கு 60 மி.கி., நிமிடத்துக்கு 1 மி.கி., 20 கிலோவுக்கு வகுத்தால் 50 மைக்ரோகிராம். கணக்குக்கும் முன் எண், பின் எண் உண்டு என்பது இதுதான்.

இதே கேள்வியின் இரண்டாம் பகுதி "ரத்த அழுத்தம் குறைந்ததால் திரவத்தை மணிக்கு 80 மி.லி. ஆக்கினால்?" என்று வரலாம். மருந்தும் இரட்டிப்பாகி 100 மைக்ரோகிராம் ஆகிவிடும். அதனால்தான் சிரிஞ்ச் பம்ப் இருந்தால் மருந்தைத் தனியாக ஓட்ட வேண்டும். இந்த நாய்க்குக் கலக்காத மருந்து மணிக்கு 3 மி.லி. நோயாளி பூனை என்று மாற்றிக் கேட்டால் கணக்குப் போட உட்காராதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு லிடோகெய்ன் தொடர் ஓட்டம் இதயச் செயல்பாட்டைத் தாழ்த்தும். அதைத் தவிர்க்க வேண்டும் என்பதும் மருத்துவரிடம் உறுதி செய்ய வேண்டும் என்பதும்தான் விடை.

மயக்கக் கண்காணிப்பில் கேப்னோகிராஃப் படத்தை, அதாவது மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் கோடாகக் காட்டும் படத்தை, எந்தத் தேர்விலும் எதிர்பார்க்கலாம். மூச்சு முடிவில் 35 முதல் 45 வரை சாதாரணம் என்று எல்லாருக்கும் தெரியும், கேள்வி அங்கே வராது. மூச்சு உள்ளே போகும்போது கோடு பூஜ்யத்துக்கு இறங்காமல் மேலேயே நிற்கும் படத்தைக் கொடுப்பார்கள். விட்ட காற்றையே நோயாளி திரும்ப இழுக்கிறது. மூச்சுக்காற்றைச் சுற்றவிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் சர்க்கிள் அமைப்பு என்றால் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் தீர்ந்திருக்கலாம் அல்லது ஒருவழி வால்வு ஒட்டியிருக்கலாம். குழாய்க்குள் குழாய் வைத்த பெய்ன் அமைப்பு என்றால் புதிய வாயு ஓட்டம் போதாது அல்லது உள்குழாய் கழன்றிருக்கிறது. சோடா லைமின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஓய்வில் விட்டால் மாறிய நிறம் திரும்பிவிடும், மறுநாள் காலை பார்த்தால் புதிது போலத் தெரியும். மாற்றிய தேதியையும் ஓடிய மணி நேரத்தையும் டப்பா மேல் எழுதுங்கள்.

சில மூச்சுகளுக்குள் கரியமில வாயு எண் மளமளவென்று இறங்கினால் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது என்று எடுத்துக்கொண்டு முதலில் நாடியைத் தொடுங்கள், இயந்திரத்தைப் பிறகு பார்க்கலாம். 2 கிலோ குட்டியில் பக்கக் குழாய் வழியாக மாதிரி எடுக்கும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கருவி இழுக்கும் காற்றோடு புதிய வாயுவும் கலந்துவிடுவதுதான் காரணம்.

ரத்த அழுத்தப் பட்டை பற்றி ஒரு வரி எழுதாத ரிப்போர்ட்டில் அழுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. பட்டை அகலம் அதைச் சுற்றும் காலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம், பூனைக்கு 30 முதல் 40. சுற்றளவு 12 செ.மீ. என்றால் 4.8, ஆகவே 5 செ.மீ. பட்டை. குறுகலான பட்டை அதிகமாகக் காட்டும், அகலமானது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள், பிழை குறைவு. விழித்திருக்கும் நோயாளியில் முதல் அளவை ஒதுக்கிவிட்டு, ஒத்துப்போகும் 5 முதல் 7 அளவுகளின் சராசரியை எழுதுங்கள். எந்தக் கால், எந்தப் பட்டை என்றும் எழுதுங்கள். முன் எண் முன்னங்காலில், பின் எண் வாலில் என்றால் இரண்டையும் ஒப்பிட முடியாது. மயக்கத்தில் சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே போனால் விடையின் வரிசை: மயக்க ஆழத்தைப் பார், வேப்பரைசரை (மயக்க வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவி) குறைப்பது பற்றி மருத்துவரிடம் பேசு, பிறகு திரவம், பிறகு மருந்து, 5 நிமிடத்துக்குள் மறு அளவு. நேராகத் திரவத்துக்குத் தாவினால் மதிப்பெண் குறையும்.

உணவுப் பகுதி சுலபம். ஓய்வுநிலை ஆற்றல் தேவை 70 × எடையின் 0.75 அடுக்கு. திரையில் வரும் கால்குலேட்டரில் அடுக்கு பொத்தான் இல்லாவிட்டால் எடை × எடை × எடை என்று பெருக்கி இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள். 4 கிலோ பூனைக்கு 64, 8, 2.83, அதை 70-ஆல் பெருக்கினால் 198 கிலோகலோரி. பல நாள் சாப்பிடாத பூனைக்கு முதல் நாளே முழுதும் கொடுத்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சரியும். மூன்றில் ஒரு பங்கில், 66 கிலோகலோரியில், தொடங்குங்கள். இங்கே முன் எண்ணும் பின் எண்ணும் அந்த மூன்று உப்புகள்.

ஆன்லைனுக்கே உரிய சில விஷயங்கள்:

கெடு நேரம் எந்த நாட்டு நேரம் என்று முதல் வாரமே பாருங்கள். கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அது ஒரு மணி நேரம் நகரும்.

மேற்பார்வையாளர் கையெழுத்தை மாதத்துக்கு ஒரு முறை வாங்கிவிடுங்கள். அவர் வேலை மாறிப்போனால் பழைய கேஸ்களுக்குக் கையெழுத்து கிடைப்பது பெரும்பாடு.

வளர்ப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயரை நீக்கினால் போதாது. எக்ஸ்ரே மூலையில் இருக்கும் பெயர், மைக்ரோசிப் எண், கோப்பின் பெயர் மூன்றையும் பாருங்கள்.

பதிவு செய்த வகுப்பை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். கண்காணிப்புத் தாள் திரையில் வந்தால் நிறுத்தி, அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று எழுதிவிட்டு ஓட்டுங்கள்.

கேமரா கண்காணிப்புத் தேர்வில் சொந்தக் கால்குலேட்டர் அனுமதியா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கடைசி இரண்டு வாரமும் திரைக் கால்குலேட்டரிலேயே பழகுங்கள்.

பின் எண் விட்டுப்போன கேஸ் கையில் இருந்தால் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். மருத்துவமனைப் பதிவோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அது நேர்மையும் இல்லை. அந்தக் கேஸை விட்டுவிட்டு, அடுத்து வரும் சாதாரணக் கருத்தடை அறுவையை எடுங்கள். முழு எண்களோடு எழுதிய கருத்தடைக் கேஸ், எண் இல்லாத அபூர்வ நோயைவிட நன்றாகத் தேறும்.